நானோ இழைச் சாரத்தில் ஸ்டெம் செல்: எத்தனை நானோமீட்டர் சரி?

வாசகர் கேள்வி: 9 பிப்ரவரி 2024

மனித ஸ்டெம் செல்களை நானோ இழைகளால் ஆன சாரத்தின் மேல் வளர்த்தால், மருந்து எதுவும் சேர்க்காமலேயே அவை எலும்பு செல்லாக மாறிவிடும் என்று படித்தேன். அப்படியானால் எலும்புக்கு இத்தனை நானோமீட்டர், குருத்தெலும்புக்கு இத்தனை நானோமீட்டர் என்று ஓர் அட்டவணை இருக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும்? என் தாயாருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். ‘நானோ சாரத்துடன் ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று ஒரு தனியார் மையம் விளம்பரம் செய்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

10 பிப்ரவரி 2024

அப்படி ஓர் அட்டவணை இல்லை. இருப்பதாகச் சொல்லும் கட்டுரைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன.

ஆனால் நீங்கள் படித்தது கற்பனை அன்று. 2007 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ டால்பியும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மேல் 120 நானோமீட்டர் அகலமும் 100 நானோமீட்டர் ஆழமும் உள்ள குழிகளை, 300 நானோமீட்டர் இடைவெளியில் அச்சிட்டார்கள். குழிகள் துல்லியமான சதுரக் கட்டத்தில் இருந்தபோது, அவற்றின் மேல் வளர்ந்த மனித எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்கள் (எலும்பு, குருத்தெலும்பு எனப் பல வகைச் செல்லாக மாறக்கூடியவை) எலும்பின் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு குழியையும் அதன் இடத்திலிருந்து ஏறக்குறைய 50 நானோமீட்டருக்குள் அங்கும் இங்கும் நகர்த்தியபோது, எலும்பாக்கும் மருந்துகள் எதுவும் இல்லாமலேயே அதே செல்கள் எலும்புத் தாதுவைப் படியவைக்கத் தொடங்கின. குழியின் அளவு மாறவில்லை, ஒழுங்கு மட்டுமே குலைந்தது. புள்ளிகளைச் சற்றே தப்பி வைத்த கோலத்தை எண்ணிக்கொள்ளுங்கள். செல்லுக்குப் பிடித்தது அந்தக் கோணல் கோலம்தான்.

ஆகவே ‘எத்தனை நானோமீட்டர்’ என்ற கேள்விக்கு இந்தச் சோதனையே இடம் தரவில்லை. இரண்டு தகடுகளிலும் எண் ஒன்றுதான்.

11 பிப்ரவரி 2024

‘சாரம்’ என்ற சொல் குழப்புவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். வீடு கட்டும்போது சவுக்குக் கட்டைகளால் கட்டுவார்களே, அந்தச் சாரம்தான். சுவர் எழும்பும்வரை கொத்தனார் ஏறி நிற்க அது வேண்டும், எழும்பிய பின் பிரித்துவிட வேண்டும். திசுப் பொறியியலில் பிரிக்கும் வேலையை உடல் பார்த்துக்கொள்கிறது. எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமர் உடலுக்குள் கரைந்து மறைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வேலை முடிந்தும் இரண்டு ஆண்டுகள் சாரத்தை அவிழ்க்காத மேஸ்திரியை எங்கள் தெருவிலும் பார்த்திருக்கிறேன்.

17 பிப்ரவரி 2024

இழையை எப்படிச் செய்கிறோம் என்று மூவர் கேட்டுவிட்டார்கள்.

பாலிமரைக் குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்த கரைப்பானில் தேன் பதத்துக்குக் கரைத்து, ஊசிக்குழலில் ஏற்றி, ஊசிமுனைக்கும் எதிரே உள்ள உலோகத் தகட்டுக்கும் இடையில் 15 கிலோவோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுக்கிறோம். முனையில் தொங்கும் துளி முதலில் உருண்டையாக இருக்கும். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அது கூம்பாக நீண்டு, அந்தக் கூம்பின் நுனியிலிருந்து கண்ணுக்குப் பிடிபடாத ஒரு தாரை பீய்ச்சும். 1960களில் இந்தக் கூம்பின் கணக்கைப் போட்ட ஜெஃப்ரி டெய்லரின் பெயரால் அதை டெய்லர் கூம்பு என்கிறோம். தாரை காற்றில் சாட்டைபோல் சுழன்று நீளும்போது கரைப்பான் ஆவியாகிவிட, தகட்டில் வந்து விழுவது உலர்ந்த இழை. பஞ்சு மிட்டாய் வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே சூடும் சுழற்சியும் செய்யும் வேலையை இங்கே மின்புலம் செய்கிறது. இதற்கு அன்டன் ஃபோர்ம்ஹால்ஸ் 1934 இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார்; அப்போது நானோ என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டால், அவித்த முட்டையின் ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் வெண்தோல் போன்ற ஒரு தாள் கிடைக்கும். மின்னணு நுண்ணோக்கியில் அது வைக்கோல் போர். இழைகள் சராசரியாக 400 நானோமீட்டர் என்று அறிக்கையில் எழுதுவோம். அந்தச் சராசரிக்குள் 150 உம் இருக்கும், 900 உம் இருக்கும் என்பதை எழுத எங்களுக்கு எப்போதும் கை வருவதில்லை.

2 மார்ச் 2024

‘அட்டவணை இல்லை என்று சும்மா சொல்லக் கூடாது, சான்று வேண்டும்’ என்று முதல் வாசகர் திரும்பவும் எழுதியிருக்கிறார். சரி, தைட்டானியம் டைஆக்சைடு நானோகுழாய்களின் கதையைச் சொல்கிறேன்.

தைட்டானியத் தகட்டை ஃப்ளோரைடு கலந்த கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், மேற்பரப்பு முழுவதும் தேனடைபோல் நுண்குழாய்கள் எழும்பும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் குழாயின் விட்டமும் கூடும். 2007 இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் இருந்து ஒரு குழு, 15 நானோமீட்டர் குழாய்தான் ஸ்டெம் செல்லுக்கு உகந்தது என்றும், 100 நானோமீட்டர் குழாயின் மேல் செல்கள் செத்துப்போகின்றன என்றும் எழுதியது. 2009 இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் இருந்து இன்னொரு குழு, 30 நானோமீட்டரில் மனித ஸ்டெம் செல்கள் நன்றாக ஒட்டினாலும் மாறுவதில்லை, 70 முதல் 100 நானோமீட்டரில்தான் நீண்டு எலும்பின் பக்கம் போகின்றன என்று எழுதியது. ஒரே பொருள், ஒரே மனித ஸ்டெம் செல், ஒரே 100 நானோமீட்டர். ஓரிடத்தில் மரணம், மற்றோரிடத்தில் எலும்பு. எந்த எண்ணை அட்டவணையில் எழுதுவது?

5 மார்ச் 2024

மேலே ‘ஒரே மனித ஸ்டெம் செல்’ என்று எழுதியது பிழை. எர்லாங்கன் குழு 2007 இல் பயன்படுத்தியவை எலியின் செல்கள். சான் டியாகோ குழுவினுடையவை மனித செல்கள். சுட்டிக்காட்டியவர் என் முன்னாள் மாணவர் என்பதால் வெட்கம் இரட்டிப்பு.

இருந்தாலும் வேறுபாடு முழுவதையும் எலியின் தலையில் கட்டிவிட முடியாது. குழாய்களைச் செய்தபின் சூடாக்கினார்களா, உள்ளே ஃப்ளோரைடு மிச்சம் இருந்ததா, எப்படிக் கிருமி நீக்கினார்கள், ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை செல்களை விதைத்தார்கள், செல்லுக்கு ஊட்டமாக எவ்வளவு சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) கலந்தார்கள் என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் முடிவைப் புரட்டக்கூடியவை. விட்டம் மட்டும்தான் தலைப்புக்குப் போகிறது; மற்றவை செய்முறைப் பகுதியின் சிறிய எழுத்தில் தங்கிவிடுகின்றன.

20 ஏப்ரல் 2024

தேர்வுத்தாள் திருத்தும் வேலையால் இடைவெளி விழுந்துவிட்டது. சென்ற முறை பிறருடைய சிறிய எழுத்தைக் குறை சொன்னேன். எங்களுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எலும்பில் உள்ள தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டை நானோ துகள்களாக இழைக்குள் கலந்து ஒரு சாரம் செய்தோம். தொப்புள்கொடியிலிருந்து பிரித்த மனித ஸ்டெம் செல்களை அதன் மேல் விதைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊடகத்தை, அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தை, மாற்றி, 21 நாள் காத்திருந்தோம். கால்சியம் படிந்திருந்தால் அலிசாரின் சிவப்பு என்ற சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். சாயத்தை ஊற்றிக் கழுவியதும் ஆறு கிண்ணங்களும் குங்குமம் கரைத்ததுபோல் சிவந்தன. மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் துறைத்தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

மறுநாள், செல்லே விதைக்காத வெறும் சாரங்கள் இரண்டு அலமாரியில் மிச்சம் கிடந்ததைப் பார்த்த ஒரு மாணவி, எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றின் மேலும் அதே சாயத்தை ஊற்றினார். அவையும் அதே சிவப்பு. அதில் வியப்பு என்ன இருக்கிறது? ஹைட்ராக்ஸிஅபடைட்டே கால்சியம்தானே. சாயத்துக்கு அது செல் படியவைத்த கால்சியமா, கடையில் வாங்கிக் கலந்த கால்சியமா என்று தெரியாது. நாங்கள் 21 நாள் பாடுபட்டு, நாங்களே போட்ட உப்பை நாங்களே கண்டுபிடித்திருந்தோம்.

அன்றிலிருந்து செல் இல்லாத சாரம் ஒன்று ஒவ்வொரு சோதனையிலும் முதல் வரிசையில் இருக்கிறது. யாருடைய கட்டுரையைப் படித்தாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன், பல நேரம் கிடைப்பதில்லை. கார்பன் நானோகுழாய்களிலும் இதே போன்ற ஏமாற்று உண்டு. செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனையில் உருவாகும் ஊதாப் படிகங்களை அக்குழாய்கள் பிடித்து வைத்துக்கொள்வதால், உயிருள்ள செல்லும் செத்ததுபோல் கணக்கில் விழும்.

21 ஏப்ரல் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ‘உங்கள் ஆய்வகத்தில் வேறு என்னென்ன நடந்தது’ என்று ஆவலாகக் கேட்டிருக்கிறார். பாலிகேப்ரோலாக்டோன் 60 டிகிரியில் உருகும். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் ஓடும். ஒருமுறை அந்த இரண்டும் சந்தித்துக்கொண்டன. திறந்து பார்த்தபோது சாரம் இருந்த இடத்தில் மெழுகு இருந்தது. இப்போது 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைக்கிறோம்.

8 ஜூன் 2024

பிப்ரவரியில் இருந்து ‘செல் சாரத்தை உணர்கிறது’ என்றே எழுதி வருகிறேன். அதைத் திருத்த வேண்டும்.

சாரத்தை ஊடகத்தில் நனைத்த சில நொடிகளிலேயே சீரத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. செல் வந்து கால் ஊன்றுவது அதன் பிறகுதான். முகூர்த்தத்துக்கு வந்தவர் பந்திக்குப் போகும்போது எல்லா இலைகளிலும் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல, செல் வந்து சேரும்போது இழையின் மேற்பரப்பு முழுவதும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். செல்லின் பிடிப்புக் கைகளான இன்டெக்ரின் ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர் அளவுதான். அவை பிடிப்பது இழையை அன்று, அதன் மேல் படிந்த ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் என்ற சீரப் புரதங்களை. இந்தப் பிடிகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 70 நானோமீட்டரைத் தாண்டினால் செல்லால் உறுதியாக ஊன்ற முடிவதில்லை என்று, தங்க நானோ புள்ளிகளைக் கொண்டு யோவாகிம் ஷ்பாட்ஸின் குழு காட்டியது. இழையின் தடிமன், குழியின் ஒழுங்கு, குழாயின் விட்டம் ஆகிய எல்லாம் இந்தப் புரதங்கள் எங்கே, எந்த முகம் காட்டி, எவ்வளவு நெருக்கமாக உட்காருகின்றன என்பதன் வழியாகவே செல்லுக்குப் போய்ச் சேர்கின்றன.

9 ஜூன் 2024

நேற்று முடிக்கவில்லை. ‘சாரத்தின் விறைப்பு பற்றி ஏன் பேசவில்லை’ என்று ஒரு வாசகர் கேட்டது நியாயமான கேள்வி.

2006 இல் ஆடம் எங்ளரும் டென்னிஸ் டிஷரும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரையை இத்துறையில் படிக்காதவர் இல்லை. உடல் திசுக்களில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தைப் பூசிய பாலிஅக்ரிலமைடு கூழ்மத்தை மூளைத் திசுபோல் மென்மையாக, 1 கிலோபாஸ்கலுக்குள் (விறைப்பை அளக்கும் அலகு) வைத்தால் மனித ஸ்டெம் செல்கள் நரம்பின் சாயலையும், தசைபோல் 10 கிலோபாஸ்கலை ஒட்டி வைத்தால் தசையின் சாயலையும், 25 முதல் 40 வரை வைத்தால் எலும்பின் சாயலையும் காட்டின. என் வகுப்பில் பல ஆண்டுகள் இதை வேதவாக்காகவே சொன்னேன். 2012 இல் பிரிட்டா டிராப்மனும் மற்றவர்களும், விறைப்பை மாற்றும்போது கூழ்மத்தின் துளைகளும் மாறுகின்றன, அதனால் கொலாஜன் எத்தனை இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் மாறுகிறது, செல் படிப்பது அந்தக் கட்டுகளைத்தான் என்றார்கள். துளைகள் இல்லாத சிலிக்கோன் ரப்பரில் விறைப்பை ஆயிரம் மடங்குக்கு மேல் மாற்றியும் செல்கள் பொருட்படுத்தவில்லை என்று காட்டினார்கள். நானும் வகுப்பில் கட்சி மாறினேன். 2014 இல் எங்ளர் குழு, விறைப்பை அப்படியே வைத்துத் துளைகளை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, துளைகளால் ஒன்றும் ஆகவில்லை, விறைப்புதான் காரணம் என்று பதில் எழுதியது. இப்போது வகுப்பில் மூன்றையும் சொல்லிவிட்டு மணி அடிக்கக் காத்திருக்கிறேன்.

13 ஜூலை 2024

‘அப்படியானால் நானோவால் பயனே இல்லையா?’

உண்டு. நம் உடலில் செல் குடியிருக்கும் கொலாஜன் நுண்ணிழைகள் பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர் தடிமனுக்குள் இருப்பவை. அந்த அளவில் இழை கொடுத்தால் செல் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் தோசைபோல் பரந்து கிடப்பதை விட்டு, இழையோடு இழையாக நீள்கிறது. இழைகளை ஒரே திசையில் அடுக்கிக் கொடுத்தால் செல்களும் அத்திசையில் வரிசை கட்டும். நரம்புக்கும் தசைநாணுக்கும் அது பெரிய உதவி. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப மையம் நரம்புக்கான இழைச் சாரங்களில் நெடுங்காலமாக வேலை செய்து வருகிறது.

ஆனால் விளம்பரப் படத்தில் காட்டுவதுபோல் செல்கள் சாரத்துக்குள் ஊடுருவி நிறைவதில்லை. இழை மெலியும்போது இழைகளுக்கு இடையிலான சந்தும் மெலிந்து ஒருசில மைக்ரோமீட்டராகிறது. நாம் விதைக்கும் செல் மிதக்கும் நிலையில் 15 மைக்ரோமீட்டருக்கும் மேல். கொசுவலைக்குள் மாட்டை ஓட்ட முடியாது. எங்கள் சாரத்தை 14ஆம் நாளில் குறுக்கே வெட்டி, செல் கருவை நீலமாகக் காட்டும் சாயமிட்டுப் பார்த்தால், மேற்பரப்பில் ஒரு நீலக்கோடு இருக்கும், கீழே முழுதும் இருட்டு. நீரில் கரையும் இழையையும் கலந்து நூற்றுப் பின்னர் அதைக் கரைத்து வழி ஏற்படுத்தலாம். செய்கிறோம், ஆனால் சாரம் வலுவிழந்து இடுக்கியிலேயே கிழிகிறது.

இன்னொன்று: சாரத்துக்கு வருமுன் இந்தச் செல்கள் வாரக்கணக்கில் பிளாஸ்டிக் குடுவையில் வளர்ந்தவை. அந்தக் குடுவை உடலின் மென்திசுக்களைவிடப் பன்மடங்கு விறைப்பானது. கிறிஸ்டி ஆன்செத்தின் குழு 2014 இல் காட்டியபடி, ஏறத்தாழ பத்து நாள் விறைப்பான தரையில் இருந்த ஸ்டெம் செல்லை மெத்தென்ற கூழ்மத்துக்கு மாற்றினாலும், அது பழைய தரையின் நினைவிலேயே எலும்பின் பக்கம் சாய்கிறது. ஆக, ‘நானோ இழை எலும்பாக்கியது’ என்று நாம் எழுதும் இடத்தில், குடுவை பாதி வேலையை முன்பே முடித்திருக்கலாம்.

14 செப்டம்பர் 2024

இந்தத் துறையின் கறுப்புப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. 2011 ஜூனில் ஸ்டாக்ஹோமில், பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் முழுக்கச் செயற்கையான மூச்சுக்குழாயை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நானோ கலப்புப் பாலிமரால் செய்யப்பட்ட அந்தச் சாரத்தின் மேல், நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்கள் 36 மணி நேரம் விதைக்கப்பட்டன. உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி. 2014 ஜனவரியில் அந்த நோயாளி இறந்தார். அந்த அறுவையைப் பற்றித் தான் வெளியிட்ட கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2018 இல் திரும்பப் பெற்றது. 2023 இல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அந்த மனிதரின் பொய்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்னை உறுத்துவது சிறிய எழுத்தில் இருந்த ஒரு சொல். விதைத்தவை மஜ்ஜையின் ஒற்றைக்கரு செல்கள். அவற்றில் நாம் பேசும் வகை ஸ்டெம் செல் பத்தாயிரத்தில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோதான். 36 மணி நேரத்தில் அது ஒருமுறை இரட்டிப்பதே அரிது. ரத்த நாளமே இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாயை அந்தச் செல்கள் உயிருள்ள உறுப்பாக்கும் என்று நம்ப, 21 நாள் காத்துப் பார்த்த எங்களைப் போன்றவர்களால் எப்படி முடிந்தது? 2011 இல் நானும் அந்தச் செய்தியை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

5 அக்டோபர் 2024

முதல் வாசகரின் தாயாருக்கு வருகிறேன். இத்தனை மாதம் தள்ளிப்போட்டது என் தவறு. நான் மருத்துவர் அல்லேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றவை அனைத்தும் ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். அப்படிப்பட்ட ஆய்வு எதுவும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், 2009 முதல் அது கட்டாயம். எனவே அந்த மையத்திடம் பதிவெண்ணைக் கேளுங்கள். ஆய்வில் சேர்பவரிடம் ஆய்வுச் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்டால், அதையும் குறித்து வையுங்கள்.

7 அக்டோபர் 2024

ஒரு மருத்துவர் திருத்தியிருக்கிறார், ஏற்கிறேன். முழங்கால் தேய்மானத்துக்கு மஜ்ஜை ஸ்டெம் செல் ஊசி ஒன்றுக்கு 2022 இல் இந்தியாவில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆகவே ‘மற்றவை அனைத்தும்’ என்று நான் எழுதியது இன்றைய நிலைக்குப் பொருந்தாது. அந்தத் தயாரிப்பில் சாரம் எதுவும் இல்லை, நானோவும் இல்லை. மூட்டுக்குள் போகும் செல்கள் தாமே குருத்தெலும்பாகிவிடுவதாகக் கொள்வதைவிட, அவை சுரப்பவற்றால் அழற்சி தணிகிறது என்று கொள்வதே இன்று பொதுவான விளக்கம். இந்த வகைச் செல்லுக்கு ‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ என்று 1991 இல் பெயரைப் பரப்பிய ஆர்னால்டு கேப்லனே, அதில் உள்ள ‘ஸ்டெம்’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி 2017 இல் எழுதினார்.

23 நவம்பர் 2024

பிப்ரவரி 17 குறிப்பில் ‘உலர்ந்த இழை’ என்று எழுதியதைத் திருத்துகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து ஆய்வக ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. குளோரோஃபார்ம் ஆவியாகும்போது தாரை குளிர்கிறது. அதன் மேல் பனித்துளிபோல் நீர் படிந்து, காய்ந்தபின் ஒவ்வொரு இழையிலும் அம்மைத் தழும்புபோல் நுண்குழிகளை விட்டுச் செல்கிறது. அதே கரைசல், அதே மின்னழுத்தம், அதே ஊசி. சராசரித் தடிமனும் ஏறத்தாழ அதே. ஆனால் மழைக்காலச் சாரத்தில் செல்கள் ஒட்டும் விதம் வேறாக இருக்கிறது. கூடுதல் பரப்பில் கூடுதல் புரதம் படிவதாக இருக்கலாம் என்று பார்க்கிறோம். கோடையில் நாங்கள் செய்த சாரத்துக்கும் இதற்கும் அறிக்கையில் ஒரே எண்தான் வரும்.

24 நவம்பர் 2024

முதல் வாசகர் எழுதியிருக்கிறார். பதிவெண் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக மையத்தில் சொன்னார்களாம். ஏழு வாரம் ஆகிறது. தாயார் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டி, தொடைத்தசைக்கான பயிற்சி செய்து வருகிறார்.